திரு. கற்றாழை

ஏப்ரல் 7

முதல் பக்கத்திலேயே மானத்தைக் கழற்றி வைத்துவிடுகிறேன். நேற்று ஒன்றிய அலுவலகத்தில் நடந்த விவசாயிகள் கூட்டத்தில் நான் வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டேன். தூங்கியதில் தப்பில்லை, கூட்டம் என்றால் பின் எதற்கு? யாரோ அதைப் படம் பிடித்து முள்ளூரணி வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார்கள். "ராக்கு அத்தை மழைக்கு வாய் திறந்து காத்திருக்கிறார்" என்று கீழே ஒருவன் எழுதியிருக்கிறான். நன்றாகத்தான் எழுதியிருக்கிறான். ஆளைக் கண்டுபிடித்து முதுகில் இரண்டு வைத்துவிட்டுப் பாராட்டலாம் என்றிருக்கிறேன்.

இந்த டைரியும் அங்கே கொடுத்ததுதான். போன வருஷத்து டைரி. தேதி சரியாக இருக்கும், கிழமை மட்டும் பொய் சொல்லும். ஐந்தாவதோடு நின்றவளுக்கு இது போதும். மகள் செண்பகம் போனில், "எதையாச்சும் எழுதும்மா, வாய் கொஞ்சம் ஓயும்" என்றாள். எழுதிக்கொண்டேதான் பேசுகிறேன்.

அந்தப் படத்தில் எனக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரர் சாத்தையா உட்கார்ந்திருக்கிறார். அவர் தூங்கவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட அவர் அப்படி உற்றுப் பார்க்கவில்லை. விவசாயக் கல்லூரியிலிருந்து வந்த ஒரு பொண்ணு திரையில் படம் போட்டுப் பேசியது. வறண்ட பூமியில் செடிகள் தண்ணீரை எப்படிப் பிடிக்கின்றன, எப்படிச் சேர்த்து வைக்கின்றன, எப்படிச் சிக்கனமாகச் செலவழிக்கின்றன என்பது பேச்சு. நான் கண்ணை மூடும்போது கற்றாழை, கண்ணைத் திறந்தபோது எலுமிச்சை சாதம். நடுவில் சொன்னதெல்லாம் இவர் தலைக்குள் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும், "ராக்கு, இனிமே நமக்குத் தண்ணிக் கவலையே இல்ல" என்றார்.

ஏப்ரல் 8

தண்ணிக் கவலை என்றால் என்ன என்று எழுதி வைக்கிறேன்.

ஊர்க் குழாய் தையிலேயே உடைந்துவிட்டது. லாரித் தண்ணீர், லாரிக்கு ஞாபகம் வந்தால் வரும். ஆனால் இது ஊருக்குத்தான் கவலை. எங்கள் சப்பாத்திக்கள்ளி வேலிக்கு அந்தப் பக்கம் கொழுந்தன் பூமிநாதன் வீடு. அங்கே போர் போட்டு, இளநீர் மாதிரித் தண்ணீர். மாசி வரைக்கும் அதைத்தான் புழங்கினோம்.

மாசியில் கொழுந்தன் மகனுக்குக் காதுகுத்து வைத்தார்கள். பத்திரிகையில் முதல் வரியில் என் மாமனார் பெயர்: தெய்வத்திரு. முனியாண்டி. சரிதான், அவர் போய்ச் சேர்ந்து வருஷமாகிறது. அடுத்த வரியில் பெரியப்பா பெயர்: தெய்வத்திரு. சாத்தையா. மேல்வரி வார்த்தை கீழ்வரிக்கும் இறங்கிவிட்டது. கொழுந்தன் படித்துப் பார்க்காமல் ஊர் ஊராகக் கொடுத்துவிட்டார்.

அருப்புக்கோட்டையிலிருந்து சம்பந்தியம்மா மாலையும் அழுகையுமாக வந்து இறங்கினார். செண்பகம் முழுகாமல் இருக்கிறாள், தாங்கமாட்டாள் என்று அவளிடம் சொல்லாமலேயே வந்திருக்கிறார். கதவைத் திறந்தது இவர். அந்த அம்மா ஒரு வீச்சுக் கத்திவிட்டு, மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் எங்கள் கிடாய்க்குப் போட்டார். கிடாய் அதைச் சாப்பிட்டது.

அன்றைக்கே இவர் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சத்தம் போட்டார்: "என்னைய உசிரோட கொன்னுட்டேல்ல? செத்தவனுக்குத் தண்ணி எதுக்கு? உன் வீட்டுத் தண்ணி ஒரு சொட்டு என் வாசல்ல விழுகாது. நீயா வந்து, எங்கண்ணன் உசிரோடதான் இருக்காருன்னு நாலு பேரு கேக்கச் சொல்லணும்!"

"அச்சுக்காரன் செஞ்ச தப்புக்கு நான் எதுக்கு வரணும்?" என்றார் கொழுந்தன்.

இதெல்லாம் எனக்குச் சிரிப்புத்தான். ஒன்றே ஒன்றுதான் சிரிப்பாயில்லை. அடுத்த மாதம் செண்பகத்துக்கு வளைகாப்பு. வளையல் போட்ட கையோடு தலைப்பிரசவத்துக்கு இங்கே கூட்டி வரவேண்டும். சம்பந்தியம்மா சொல்லிவிட்டார்: "தண்ணியில்லாத வீட்டுக்குப் புள்ளத்தாச்சிய அனுப்ப மாட்டேன். ஒருநா வந்து பாத்துட்டுத்தான் சொல்லுவேன்." என்றைக்கு வருவார் என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 9

இவர் காலையிலிருந்து வேலிக் கள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இவரைப் பார்த்தேன். கள்ளி யாரையும் பார்க்கவில்லை.

ஏப்ரல் 10

முதல் பாடம் தொடங்கிவிட்டது.

"கத்தாழை எலையில துளை இருக்கு. பகல்ல மூடிக்கிரும். பொழுது அடைஞ்சப்பறம்தான் திறந்து மூச்சு விடும். வெயில்ல திறந்தா உள்ள இருக்க ஈரமெல்லாம் ஆவியாப் போயிரும்ல? இப்ப நீ சொல்லு, மனுசனுக்குத் துளை எது?"

"ஏங்க, கேக்குற கேள்வியா இது? ஆடு நிக்கிது."

"வாயிடி, வாயி!" என்றார். பகலில் அவர் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

அதற்குப் பிறகு எல்லாம் சைகை. சாப்பாட்டுக்கு மட்டும் துளை திறந்தது. கருவாட்டுக் குழம்புக்கு இரண்டாம் தடவை தட்டை நீட்டிய கற்றாழையை முதல் முதலாகப் பார்த்தேன்.

மத்தியானம் சம்பந்தியம்மா போன். இவர் எடுத்துவிட்டார். "ம்" என்றார். இழுத்து ஒரு "ம்ம்ம்" என்றார். பிறகு போனை என்னிடம் தள்ளிவிட்டார்.

"அண்ணனுக்கு என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல சம்பந்தி. பகல்ல மூடியிருப்பாரு. பொழுது அடையவும் போடுங்க, திறந்திருப்பாரு."

அந்த அம்மா போனை வைத்துவிட்டார்.

ஏப்ரல் 11

பகலெல்லாம் அடைத்து வைத்ததை இருட்டியதும் மொத்தமாகத் திறந்துவிட்டார். அச்சகம், தம்பி, ஊர்க் குழாய், மறுபடி அச்சகம். கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டேன். இந்தத் தடவை யாரும் படம் எடுக்கவில்லை.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. லாரிக்கு ஞாபகம் வந்தது, ஊரே எண்ணெய் தேய்த்துக் குளித்தது. இவர் தேய்த்ததோடு நிறுத்திக்கொண்டார்.

எருக்கிலைக்கு மேலே மெழுகு பூசினாற்போல ஒரு பூச்சு இருக்குமாம், அதனால் உள்ஈரம் வெளியே போகாதாம். இவர் ஒரு கரண்டி விளக்கெண்ணெயைத் தலை முதல் கால் வரை அப்பிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்தபோது நாற்காலியும் எழுந்தது.

அடுத்து வெயில். சில செடிகள் வெயிலுக்கு இலையின் முகத்தைக் காட்டாமல் ஓரத்தை மட்டும் காட்டுமாம். ஆகவே இவர் ரோட்டோரத்தில் சூரியனுக்குத் தோள்பட்டையைக் காட்டி ஒருக்களித்து நின்றார். டவுன் பஸ் நின்றுவிட்டது. பேசக் கூடாதே, ஒரு விரலை ஆட்டிப் போகச் சொல்லியிருக்கிறார். கண்டக்டர் ஒரு டிக்கெட் கிழித்துவிட்டார். பின்னால் நின்றவர்கள் ஏற்றியும் விட்டுவிட்டார்கள்.

அடுத்த நிறுத்தத்திலிருந்து நடந்து வந்தார். வரும் வழியில் உள்ள புழுதியெல்லாம் மேலே ஒட்டியிருந்தது. "ஏங்க, எருக்கிலையாப் போனீங்க, பொரிச்ச மீனா வந்திருக்கீங்க?" என்றேன். முறைத்தார். முறைக்கத் துளை தேவையில்லை.

ஏப்ரல் 16

பனி பிடிக்கும் பாடம். எங்கேயோ பாலைவனத்தில் செடி முள் பனியைப் பிடித்து, சொட்டுச் சொட்டாக வேருக்கு இறக்குமாம். இவர் ராத்திரி தம் துண்டைக் கள்ளிமேல் விரித்து வைத்தார். காலையில் அதை எடுத்தபோது பாதி துண்டுதான் வந்தது, மீதி கள்ளிக்குப் பிடித்துப்போயிற்று. வந்ததைப் பிழிந்ததில் கால் டம்ளர் தேறியது. அதைப் பெருமையாக வாசல் திண்டுமேல் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட வந்தார். கிடாய் குடித்துவிட்டது.

மிளகாய் வற்றலைப் புரட்டிப் போட்டேன். வெயிலில் நன்றாகக் காய்ந்திருக்கிறது.

ஏப்ரல் 18

இன்றைக்குச் சீமைக்கருவேலம் பாடம். பொழுது சாய்ந்ததும் சொன்னார்: "அது தண்ணி இருக்குற எடத்தத் தேடி வேரை அனுப்பிக்கிட்டே இருக்கும். வேலியெல்லாம் மண்ணுக்கு மேலதான். வேருக்கு ஏது வேலி?"

இத்தனை பாடத்தில் எனக்குச் சரியாக விளங்கியது இது ஒன்றுதான். விளங்கியது என்ன, பங்குனியிலிருந்தே நடத்திக்கொண்டுதான் இருக்கிறேன். ஆட்டுக் கொட்டகைக்குப் பின்னால் வேலியில் ஒரு சந்து உண்டு. இப்போதெல்லாம் உச்சிவெயிலில் இவர் ரோட்டுப் பக்கம் ஒருக்களித்து நிற்கும்போது நான் குடத்தோடு நுழைந்துவிடுவேன். கொழுந்தன் பெண்டாட்டி, என் ஓரகத்தி வள்ளிமயில் மோட்டாரைப் போட்டுவிட்டுக் காத்திருப்பாள்.

"அக்கா, கத்தாழை எப்படி இருக்கு?"

"செழிப்பா இருக்கு. இன்னும் ரெண்டு நாள்ல பக்கக்கன்னு விட்டுரும்."

அவள் சிரித்த சிரிப்பில் குடத்துத் தண்ணீர் பாதி கொட்டிவிட்டது. மறுபடி பிடித்தோம்.

பானை நிறைந்திருப்பதைப் பார்த்து இவருக்குப் பூரிப்பு. "பாத்தியா? வாய மூடி, வெயில ஒதுக்கி, எண்ணெயப் பூசுனதுக்கே வீட்டுல தண்ணி எப்படி மிஞ்சுது!"

"ஆமாங்க. விஞ்ஞானம்னா சும்மாவா."

ஏப்ரல் 21

இவர் மேல் சோப்பு வாசம் வருகிறது. வேப்பஞ்சோப்பு. எங்கள் வீட்டில் எனக்கு மஞ்சள், இவருக்குச் சீயக்காய். இந்த ஒரு வாரமாக அதுவும் கிடையாது, எண்ணெய்தான். அப்படியிருந்தும் காலையில் எழுந்தால் ஆள் பளபளவென்று, கால் நகம்வரை சுத்தமாக இருக்கிறார். ராத்திரி சாப்பிட்டதும், "துளை திறக்குற நேரம், காத்து வாங்கிட்டு வாறேன்" என்று கிளம்புகிறவர், ஈரத் தலையோடு வருகிறார். கேட்டால் பனி என்கிறார்.

கற்றாழைக்குச் சோப்பு வாசம் வரும் என்று அந்தப் பொண்ணு சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. நான் தூங்கும்போது சொல்லியிருக்கலாம்.

ஏப்ரல் 24

குடத்தோடு போனபோது வள்ளி காதோரம் வந்து, "அக்கா, எங்க வீட்டு மோட்டாரு ராவுல தானா ஓடுது" என்றாள்.

கொழுந்தன் அங்கேயே உட்கார்ந்து பல்லுக்குச்சி மென்றுகொண்டிருந்தார். "பயப்படாதீங்க மதினி. நம்ம சொந்தத்துல செத்தவுக ஒருத்தரு ராவுல வந்து குளிச்சிட்டுப் போறாக. தெய்வத்திரு ஆனவுக பகல்ல வரமாட்டாகல்ல?"

"அப்படியா கொழுந்தனாரே? அந்தத் தெய்வத்துக்கு ஏதாச்சும் படைக்கலாமே."

"படைச்சிட்டேன். தொட்டி மேல ஒரு சோப்பும் துண்டும் வச்சேன். காலையில பாத்தா துண்டை அலசிக் காயப்போட்டுட்டுப் போயிருக்கு. நல்ல தெய்வம்."

"அது உசிரோட இருந்தப்ப ஒருநாளும் துண்டு அலசுனதில்லையே!" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். யாரைச் சொன்னேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் என் மாமனாரை என்று சொல்லியிருப்பேன்.

"மதினி, அந்தத் தெய்வத்துக்கிட்ட நான் ரெண்டு வார்த்தை பேசலாம்னு நெனைச்சேன்" என்றார் கொழுந்தன், குச்சியைத் துப்பிவிட்டு. "வெளிய வந்து நின்னா வராமப் போயிருமோன்னு உள்ளயே படுத்துக் கெடக்கேன். தண்ணி ஊத்துற சத்தம் கேக்கும். அது நிக்கிற வரைக்கும் முழிச்சிருப்பேன்."

குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஏப்ரல் 26

கள்ளி தன் இலையையெல்லாம் முள்ளாகச் சுருக்கிக்கொண்டதாம். இலை குறைந்தால் ஈரம் போவதும் குறையும். இவர் டவுனுக்குப் போய்த் தலையையும் மீசையையும் சுத்தமாக வழித்துக்கொண்டு வந்துவிட்டார்.

சலூன்காரர் பதறிப்போய், "அடடா, யாரு தவறுனது?" என்று கேட்டாராம்.

பகல் நேரம். இவர் தம் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாராம்.

ஏப்ரல் 27

செண்பகம் போன் போட்டாள். "அம்மா, அத்தை உங்க வீட்டுக்கு எப்ப வாராகன்னு சொல்ல மாட்டேங்குறாக. எனக்கு அங்க வரணும்மா. இங்க எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்குறாக. ஆனாலும் ராவுல கால் குடைஞ்சா, பிடிச்சு விடுங்கன்னு யாருகிட்டம்மா கேக்குறது?"

"வாடி. கால்பிடிக்க ஒரு கத்தாழை வளத்து வச்சிருக்கேன்" என்றேன். சிரித்தாள். போனை வைத்தபிறகு வீட்டை இரண்டு தடவை கூட்டினேன். குப்பை ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 29

சம்பந்தியம்மா வந்துவிட்டார். சொல்லாமல், பத்து மணி வெயிலில்.

வாசலில் இவர் மொட்டைத் தலையோடு, மீசை இல்லாமல், விளக்கெண்ணெய் மின்ன, கிழக்கே தோளைக் காட்டி ஒருக்களித்து நின்றார். அந்த அம்மாவைப் பார்த்ததும் கும்பிட்டார். பேசவில்லை. அந்த அம்மா கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "மதினி, இந்தத் தடவை நெசமாவா?"

"இல்ல சம்பந்தி, கத்தாழை" என்றேன். அதற்குமேல் விளக்கத் தெரியவில்லை.

நேரே அடுப்படிக்குப் போனார். பானை மூடியைத் தூக்கிப் பார்த்தார், நிறைந்திருந்தது. குடங்களும் நிறைந்திருந்தன. எனக்கு உயிர் வந்தது. அப்படியே பின்னால் குளிக்கிற இடத்துக்குப் போய்ப் பெரிய தொட்டியைப் பார்த்தார். அதுவும் விளிம்புவரை தளதளவென்று நின்றது.

பானையும் குடமும் நான் நிரப்பியவை. தொட்டியை நான் தொடவே இல்லை.

"ஊர்ல சொட்டுத் தண்ணி இல்லங்குறாக. குழாயும் இல்ல. இம்புட்டுத் தண்ணி எங்கேருந்து வந்துச்சு? உண்மையச் சொல்லுங்க. உண்மை தெரியாம எம் மருமகள அனுப்ப மாட்டேன்."

நான் வேலிப் பக்கம் கையைக் காட்டினேன். அதே நேரத்தில் இவரும் வேலிப் பக்கம் கையைக் காட்டினார்.

இவர் என் கையைப் பார்த்தார். நான் இவர் கையைப் பார்த்தேன். அப்போது கள்ளிக்கு மேலே கொழுந்தன் தலை எழுந்தது.

"அண்ணே, கடையில வேப்பஞ்சோப்பு தீந்துபோச்சு. நேத்து சந்தன சோப்பு வச்சேனே, பிடிச்சிருந்துச்சா?"

கிடாய்கூட மெல்லுவதை நிறுத்திவிட்டது.

"நொர பத்தலடா" என்றார் இவர்.

பட்டப்பகல். துளை திறந்துவிட்டது.

கொழுந்தன் என் சந்து வழியாகவே நுழைந்து வந்தார். அவருக்கு அந்த வழி எப்படித் தெரியும் என்று இவரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. நேரே சம்பந்தியம்மா முன்னால் வந்து நின்று, ரோட்டில் போகிறவர்களுக்கும் கேட்கிறாற்போலச் சொன்னார்: "அம்மா, எங்கண்ணன் உசிரோடதான் இருக்காரு. தெய்வத்திரு இல்ல. வெறும் திருதான். தப்பு என்னோடது, பாக்காமக் குடுத்துட்டேன்."

இவர் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். "சரி விடுடா. எளைச்சுப் போயிட்டியேடா. ராவுல தூங்குறியா இல்லையா?"

"எங்கிட்டுத் தூங்க? ஒருத்தரு வந்து தொட்டித் தொட்டியாத் தண்ணி அள்ளுனா?"

நான் உலை கொதித்துவிட்டதா என்று பார்க்க உள்ளே போனேன். உள்ளே போனபிறகுதான் உலையே வைக்கவில்லை என்று தெரிந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு வந்தேன்.

சம்பந்தியம்மா சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினார். செண்பகத்தை அனுப்பச் சம்மதம். ஒரே நிபந்தனை: "பிரசவம் முடியிற வரைக்கும் அண்ணன் மனுசனாவே இருக்கணும்."

மே 2

குடம் தூக்குகிற வேலை ஒழிந்தது. கொழுந்தன் வீட்டிலிருந்து எங்கள் தொட்டிக்கு ரப்பர் டியூப் இழுத்துவிட்டார்கள், கள்ளி வேலிக்குள்ளே நுழைத்து. அண்ணனும் தம்பியும் சேர்ந்து செய்த வேலை. மொத்தத்தில் அரைமணி வேலை, மீதி நாளெல்லாம் யார் சொன்னபடி இழுப்பது என்ற பேச்சு.

வள்ளி முறுக்குச் சுட்டுக் கொடுத்தாள்.

மே 10

டியூப்பைக் கள்ளி முள் குத்தியிருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. இத்தனை நாளும் தண்ணீர் கள்ளித் தூரிலேயே கசிந்திருக்கிறது. மழையில்லாத வருஷமெல்லாம் நிமிர்ந்து நின்ற கள்ளி, தூர் அழுகி, இன்று காலையில் கொழுந்தன் வாசல் பக்கம் பொத்தென்று சாய்ந்துவிட்டது. இப்போது இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒன்றுமில்லை. கிடாய் மட்டும் போய்ப் போய் வருகிறது.

இவர் கள்ளியைக் குனிந்து பார்த்தார். "சேத்து வைக்கத் தெரிஞ்சதுக்கு, வேணாம்னு சொல்லத் தெரியலையே" என்றார். பிறகு ஒரு மட்டையை ஒடித்துத் தனியாக நட்டார். தண்ணீர் ஊற்றவில்லை.

மே 12

வளைகாப்புப் பத்திரிகை வந்துவிட்டது. இந்தத் தடவை தானே பார்த்துக்கொள்வதாகக் கொழுந்தன் அடம்பிடித்து, அதே அச்சகத்துக்குப் போனார். போன தடவை மாதிரி ஆகக் கூடாது என்று நாலு தடவை சொன்னாராம். அச்சுக்காரரும் ஒவ்வொரு தடவையும் தலையாட்டிக்கொண்டே குறித்துக்கொண்டாராம்.

ரோஜா நிறத்தில் கெட்டி அட்டை. மேலே பிள்ளையார். செண்பகம் பெயர் தங்க எழுத்தில். மாமனார் பெயருக்கு முன்னால் தெய்வத்திரு, அது சரி. அடுத்த வரியை இவர் கண்ணாடி போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார்:

"திரு. (தெய்வத்திரு அல்ல) சாத்தையா."

கட்டு முழுவதும் பிரித்துப் பார்த்தோம். எல்லாவற்றிலும் அப்படித்தான் இருக்கிறது. எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. நாளைக்கு அருப்புக்கோட்டையிலிருந்து கொடுக்கத் தொடங்குகிறோம்.